துண்டும் பாண்டும்

போன வாரம் பனச்சமூட்டிலிருந்து அக்கா மகன் போனில் கூப்பிட்டான். ஒருபக்கம் கேரளம், மறுபக்கம் குமரி மாவட்டம் என்று இருக்கும் எங்கள் ஊர். பையனுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை.

"மாமா, ரெண்டு வருசத்துக்கு முந்தி வேலைய விட்டா ரெண்டு லட்சம் கெட்டணும்ணு பாண்டுல ஒப்பு போட்டிருக்கேன். விட்டா போலீஸ் பிடிக்குமா?"

பிடிக்காது என்றேன். ஆனால் ஒரு காலத்தில் பிடித்தார்கள்.

1859-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த 13-ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி காரணமில்லாமல் வேலையை விட்டால் மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடித்துக் கொடு என்பது உத்தரவு. மீறினால் மூன்று மாதம் வரை சிறை. அந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களுக்கும் இதே கதைதான். அங்கே 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். முறையாகப் போவதற்கு 'துண்டு' வேண்டும். கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டத்துரை பணத்தைக் கட்டுவார். ஆள் மாறுவான், கடனும் கூடவே போகும். 1921-ல்தான் துண்டை ஒழித்தார்கள்.

இன்றைய பாண்டு சிவில் விவகாரம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும்.

அதற்காக பாண்டு செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். விஜயா வங்கியில் மூன்று வருடம் முடியுமுன் விலகிய ஓர் அதிகாரி கட்டிய 2 லட்சம் ரூபாய் செல்லும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுத்துறை வங்கிக்கு மறுபடி ஆளெடுக்கும் செலவு உண்டு, அவர் பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை அதிகமில்லை என்றது கோர்ட். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனின் சம்பளத்துக்கு அதே 2 லட்சம் நியாயமா என்பது தனிக் கேள்வி. கம்பெனி அவனுக்கு உண்மையில் என்ன செலவு செய்தது என்றும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவங்க கையில இருக்கு" என்றான்.

அவனைப் பிடித்து வைத்திருப்பது 2 லட்சம் இல்லை, அதுதான். துண்டு இல்லாமல் அடுத்த தோட்டம் கிடையாது. சர்டிபிகேட் இல்லாமல் அடுத்த கம்பெனி கிடையாது.

முதலில் அதைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கேள், நகலை எனக்கு அனுப்பு என்றேன். இங்கே எனக்கு ராத்திரி இரண்டு மணி. இன்னும் மெயில் வரவில்லை.