பாதி மாத்திரை

பெருங்குடலில் புண் வந்தவர்களின் அவஸ்தை சொல்லி மாளாது. இரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கொல்லைப்புறம் ஓட வேண்டும். யாரிடமும் சொல்லவும் கூச்சம். இந்த வியாதிக்கு முதலில் கைகொடுத்த மருந்துகளில் ஒன்று, உண்மையில் வேறொரு வியாதிக்காகச் செய்யப்பட்டது. அதுவும் தப்பான ஓர் எண்ணத்தின் பேரில்!

செய்தவர் ஸ்வீடன் தேசத்து நான்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார். 1937-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா கழகத்தில் வைத்தியப் பேராசிரியரானார். அந்நாட்டு அரசாங்கக் கல்விச்சாலை எதிலும் அதுவரை ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மூட்டுவாதம் கிருமியால் வருவது என்பது அம்மையாரின் எண்ணம். ஆகவே கிருமியைக் கொல்ல ஸல்பாபைரிடின். வலியைத் தணிக்க, ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட சகோதரனான ஸாலிஸிலிக் வகை அமிலம். இரண்டையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்தால் என்ன? பார்மஸியா கம்பெனியின் ரசாயனிகள் பிணைத்துக் கொடுத்தார்கள். முடிச்சாக அமைந்தவை இரண்டு நைட்ரஜன் அணுக்கள். துணிச் சாயங்களில் உள்ள அதே முடிச்சுதான். மருந்தும் மஞ்சளாகவே இருந்தது. பெருங்குடல் புண்ணுக்கு இது குணம் தருவதை 1942-ல் அம்மையார் அச்சில் வெளியிட்டார்.

பிறகு முப்பத்தைந்து வருஷம் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள், நோயாளிகள் விழுங்கினார்கள். கூடவே பலருக்குத் தலைவலி, குமட்டல், தோலில் தடிப்பு. சில ஆண்களுக்கு விந்தணு குறைந்து, குழந்தைப் பேறே தள்ளிப் போயிற்று. மாத்திரையை நிறுத்தினால் அது சரியாகிவிடும். ஆனால் புண்ணும் திரும்பி வருமே!

இத்தனை துன்பமும் அவசியந்தானா?

சிறுகுடல் இம்மருந்தின் பெரும்பகுதியைத் தொடாமல் கீழே அனுப்பிவிடுகிறது. முடிச்சை அவிழ்ப்பவை பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அப்படியானால், பிரிந்த இரண்டில் புண்ணை ஆற்றுவது எது? 1977-ல் இதை நேராகக் கேட்டவர்கள் ஆக்ஸ்போர்டில் இருந்த டாக்டர் ட்ரூலவ், பிரிஸ், வங்காள தேசத்து ஆசாத் கான் ஆகிய மூவர். தனித்தனிப் பாதிகளை வாய்வழியே கொடுத்தால், பெருங்குடலை எட்டுமுன் இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவே எனிமாவாகக் கொடுத்தார்கள்: சிலருக்கு முழு மருந்து, சிலருக்கு ஸல்பா மட்டும், சிலருக்கு அமிலம் மட்டும். எவ்வளவு சாதாரணமான யுக்தி, பாருங்கள்! முழு மருந்தும் குணம் தந்தது. அமிலமும் குணம் தந்தது. ஸல்பா அநேகமாகச் சும்மா இருந்தது.

கதாநாயகன் என்று நாம் நம்பியிருந்தவன் வெறும் பல்லக்குத் தூக்கி! அமிலத்தை இடம் சேர்த்ததுதான் அவன் செய்த வேலை. தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் அவன் கைவரிசையே.

பல்லக்கு இல்லாமல் அமிலத்தை மட்டும் அனுப்ப, கீழ்க்குடல் வரை கரையாத மேற்பூச்சு பூசினார்கள். மெஸலஸின் என்று இன்று டாக்டர்கள் எழுதித் தருகிறார்களே, அது இதுதான்.

நான்னா அம்மையார் 1986-ல் காலமானார். அதற்கு முந்தின வருஷம், அவர் முதலில் குறிவைத்த மூட்டுவாதத்திலும் இதே கேள்வியைக் கேட்ட ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அங்கே வேலை செய்தது ஸல்பா. சும்மா இருந்தது அமிலம்.