திவாலிலிருந்து விடுபட்ட பிறகு மீண்டும் வீடு வாங்க முடியுமா?

திவால் நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கடிதம் கைக்கு வந்த வாரமே வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்து, வங்கி மறுத்ததும் மனமுடைந்து போகிறவர்கள் நம்மிடையே உண்டு. "அதான் பெயர் வெளியாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்பது அவர்களின் கேள்வி. பழைய கடனை முடித்து வைப்பதுதான் விடுவிப்பு. புதிய கடனை ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு அது சான்றாகாது. அந்தச் சான்றை உருவாக்கக் குறைந்தது ஓராண்டு பிடிக்கும்.

முதலில் விடுவிப்பைப் பார்ப்போம். மலேசியாவில் இன்று ஒருவரைத் திவாலாக்க மனு செய்ய, கடன் குறைந்தது 1 லட்சம் வெள்ளியாக இருக்க வேண்டும். 2017 சட்டத் திருத்தத்திற்கு முன் இந்த வரம்பு 30,000 வெள்ளிதான். ஒரு காரை வங்கி இழுத்துச் சென்ற பிறகு மிஞ்சிய பாக்கிக்கே அன்று பலர் திவாலானார்கள்.

தானியங்கி விடுவிப்புக்கான 3 ஆண்டு கணக்கில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நீதிமன்ற ஆணை வந்த நாளிலிருந்து அது எண்ணப்படுவதில்லை. 'பெஞாத்தா ஹால் ஏவால்' எனப்படும் சொத்து, கடன் விவர அறிக்கையைத் திவால் இலாகாவில் தாக்கல் செய்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. பயத்திலோ வெட்கத்திலோ இலாகா பக்கமே போகாமல் இருப்பவருக்கு, பத்து ஆண்டு கழிந்தாலும் கணக்கு தொடங்கியிருக்காது. அறிக்கை கொடுத்த பிறகும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரவு செலவு காட்ட வேண்டும். நிர்ணயித்த தொகையைக் கட்டி வர வேண்டும். இதைத் தவிர, திவால் தலைமை இயக்குநரின் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு ஆகிய வழிகளும் உண்டு. உறவினரின் சொந்தப் பயன்பாட்டுக் காருக்கோ குடியிருக்கும் வீட்டுக்கோ பலன் எதுவும் பெறாமல் ஜாமீன் கையெழுத்திட்டுத் திவாலானவர்கள், கடும் நோயாளிகள், 70 வயதைக் கடந்தவர்கள் போன்றோருக்குத் தலைமை இயக்குநர் சான்றிதழ் வழங்குவதைக் கடன் கொடுத்தவர் ஆட்சேபிக்க முடியாது.

விடுபடுவதற்கு முன் சொந்தப் பெயரில் வீடு வாங்க முயல வேண்டாம். அக்காலத்தில் கைக்கு வரும் சொத்து தலைமை இயக்குநரின் பொறுப்புக்குப் போய்விடும். அப்படி ஏற்கெனவே போன பழைய வீடும் விடுவிப்புக்குப் பிறகு தானாகத் திரும்பி வராது.

விடுபட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சிடோஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் விடுவிப்பு ஆவணத்தைக் கொடுத்து, பதிவைத் திருத்தச் சொல்வது. இலாகாவே எல்லாருக்கும் சொல்லிவிடும் என்று காத்திருந்தால், வங்கியின் கணினியில் பழைய நிலையே தெரியக்கூடும். அடுத்து, பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பலரும் நினைப்பதுபோல் பேங்க் நெகாராவிடம் 'கறுப்புப் பட்டியல்' எதுவும் இல்லை. சிசிரிஸ் முக்கியமாகக் காட்டுவது கடந்த 12 மாதங்களில் தவணை எப்படிக் கட்டப்பட்டது என்பதை.

திவாலிலிருந்து வந்தவரின் அறிக்கை பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். எதையும் கட்டாதவர் என்று அது சொல்லாது. எப்படிக் கட்டுவார் என்றும் சொல்லாது. வங்கி தயங்குவது அதனால்தான். நிரந்தர வைப்புத் தொகையை ஈடாக வைத்துக் கடன் அட்டை பெறலாம். தாங்கக்கூடிய சிறு மோட்டார் சைக்கிள் கடன் ஒன்றை எடுக்கலாம். ஒரு மாதம்கூடத் தவறாமல் 12 மாதம் கட்டினால், அந்தப் பக்கம் நிரம்பிவிடும். ஒரே நேரத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பிப்பது நல்லதல்ல. விண்ணப்பங்களும் அதே அறிக்கையில் தெரியும்.

உண்மையான எதிரி வயதுதான். வீட்டுக் கடனுக்கு உச்ச வரம்பு 35 ஆண்டு. பெரும்பாலான வங்கிகள் 70 வயதுக்குள் கட்டி முடிக்கச் சொல்கின்றன. 3 லட்சம் வெள்ளிக் கடனை 4.5 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டு கட்டினால் மாதம் சுமார் 1,420 வெள்ளி. 50 வயதானவருக்கு 20 ஆண்டுதான் கிடைக்கும். தவணை ஏறக்குறைய 1,900. 55 வயதில் 2,295. பிள்ளையைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்தால் சுமை குறையலாம். ஆனால் அது பிள்ளையின் பெயரிலும் ஒரு வீட்டுக் கடனாகப் பதிவாகும். 90 விழுக்காடு வரையிலான கடன் பொதுவாக ஒருவரின் முதல் இரண்டு வீடுகளுக்குத்தான். மூன்றாவதற்கு 70 விழுக்காடு. பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து கேட்பதே நியாயம்.

முன்பணத்திற்கு இபிஎப் கைகொடுக்கும். திவாலானாலும் அந்தச் சேமிப்பைக் கடன்காரர்கள் தொட முடியாது. வீட்டுக்கான தொகையை செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் விற்பனை ஒப்பந்தமும் கடன் ஒப்புதல் கடிதமும் காட்ட வேண்டியிருப்பதால், தொடக்கச் செலவுக்குக் கையில் ரொக்கம் தேவை.

"சிசிரிஸில் பெயரைக் கழுவித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே, கடன் ஆலோசனையை இலவசமாகவே வழங்குகிறது. வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கு முன் ஒருமுறை அங்கே கணக்கு பார்த்துக் கொள்ளலாம். பழைய வீடு வாங்குவோர், 2 அல்லது 3 விழுக்காட்டு முன்தொகை கொடுக்கும்போதே, கடன் கிடைக்காவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.