தரநாணய உறைச் சேதம்

தரம் மதிப்பிட்ட நாணயத்தை அடைத்திருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் விழும் கீறல், வெடிப்பு, மூலை உடைவு. இந்த உறையைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்லாப்' என்பார்கள். 1980களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் இதைப் பரவலாக்கின. 1 முதல் 70 வரையிலான தரப்புள்ளி உள்ளேயுள்ள சீட்டில் இருக்கும்.

ஈரமான ஊர்களில் இந்தச் சேதம் நாணயத்தையே பாதிக்கும். மலேசியாவில் கேமரன் மலைப் பாதை தொடங்கும் தாப்பாவில் காற்று எப்போதும் ஈரம். பழைய மலாயாவின் சதுர ஒரு காசு போன்ற வெண்கல நாணயத்துக்கு இதுவே எமன்: வெடிப்பு வழியே ஈரம் புகுந்தால் செம்பளபளப்பு மங்கி, கரும்புள்ளி விழும், பச்சை படரும். வெள்ளி நாணயம் கறுக்குமே தவிர, இவ்வளவு சீக்கிரம் கெடாது.

மேலோட்டமான கீறலைப் பிளாஸ்டிக் மெருகுப் பசையால் தேய்த்து மங்கச் செய்யலாம். அசிட்டோன் மட்டும் கூடாது; உறையே இளகிவிடும். வெடித்திருந்தால் படமெடுத்து வைத்துக்கொண்டு, தரமிட்ட நிறுவனத்துக்கே அனுப்பிப் புது உறை கேட்க வேண்டும். இதற்குக் கட்டணம் உண்டு. பொறுமையிழந்து சுத்தியலை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். உறையை உடைத்து நாணயத்தை எடுத்துவிட்டால், சீட்டிலுள்ள தரப்புள்ளி அதற்குச் செல்லாது.