உஹதுக்குப் பின்னரும் ஒரு மஷூரா

 

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625. மூவாயிரம் பேர் கொண்ட குறைஷிப் படை மதீனாவை நெருங்கிவிட்டது. நகருக்குள் இருந்து காப்பதா, வெளியே சென்று எதிர்ப்பதா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் கலந்தாலோசித்தார்கள். உள்ளே இருப்பதே அன்னாரது விருப்பமாக இருந்தது. ஆனால், பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்திருந்த இளைஞர்கள் வெளியே செல்லவேண்டுமென ஆவலோடு வற்புறுத்தினர். நபியவர்கள் அக்கருத்தை ஏற்றுப் போர்க்கவசம் அணிந்து வந்தார்கள்.

உஹதில் நடந்ததை நாமறிவோம். ஏறத்தாழ 70 ஸஹாபாக்கள் ஷஹீதாயினர். நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரழி) அவர்களும் அவர்களுள் ஒருவர். குன்றின்மீது நிறுத்தப்பட்டிருந்த வில்வீரர்களிற் பெரும்பாலோர் தம் இடத்தைவிட்டு இறங்கியதே தோல்விக்கு உடனடிக் காரணம் என்பது உண்மை. ஆயினும், வெளியே வராதிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராதே என்ற எண்ணம் எழுவது மனித இயல்பு.

நமது வீடுகளில் இத்தகைய வேளையில் என்ன நிகழும்? மகனின் யோசனையைக் கேட்டுக் கடையில் புதிய சரக்கொன்றை இறக்கி நட்டப்பட்டால், அதன்பின் பத்து வருடங்களுக்கு அவனால் வாய்திறக்க முடியாது. "உன் பேச்சைக் கேட்டதனால் வந்த வினை" என்ற ஒரு வார்த்தையே அவனை அடக்கிவிடும்.

உஹதைத் தொடர்ந்து அருளப்பட்ட ஆலு இம்றான் அத்தியாயத்தின் 159ஆம் வசனமோ வேறு வழியைக் காட்டியது. அத்தோழர்களை மன்னிக்குமாறும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுமாறும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறும் அது பணித்தது. தோல்வியின் காயம் ஆறுமுன்னரே இக்கட்டளை வந்தது என்பதைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள்.

இரண்டாண்டுகள் கழிந்தன. ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) குறைஷியரும் கத்பான் கோத்திரத்தாரும் பிறரும் ஒன்றுசேர்ந்து சுமார் 10,000 பேராகத் திரண்டு வந்தனர். மதீனாவில் இருந்தோர் 3,000 பேர் மாத்திரமே. மீண்டும் மஷூரா நடைபெற்றது. இம்முறை வழிசொன்னவர் ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள். பாரசீகத்தில் பிறந்து, மதீனாவில் அடிமையாக இருந்து, அக்காரணத்தினால் பத்ரிலும் உஹதிலும் பங்குபெற முடியாதுபோனவர். அரபிகளின் போரனுபவம் எதுவுமற்ற அவர்தாம், முற்றுகைக்கு அஞ்சும்போது தம் நாட்டார் அகழ் வெட்டும் வழக்கத்தை எடுத்துரைத்தார்.

அது நெருப்பை வணங்கிய மக்களின் போர்முறை. வாளையும் குதிரையையும் நேருக்கு நேர் மோதுவதையுமே வீரமாகக் கருதிய அரபிகளுக்குப் புதியது. எனினும் நபியவர்கள் அதனை ஏற்றார்கள். எரிமலைப் பாறைப் பரப்புகளும் பேரீச்சந் தோட்டங்களும் நெருக்கமான வீடுகளும் மற்றைய திசைகளைக் காத்தன; திறந்து கிடந்த வடபுறத்தை மறித்தாற் போதும். கடுங்குளிரிலும் பசியிலும் தோழர்கள் தோண்டினர். நபியவர்களும் மண் சுமந்தார்கள். அன்னாரது வயிற்றைப் புழுதி மூடியிருந்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன.

வந்த படை அகழின் முன் திகைத்து நின்றது. குறுகிய ஓரிடத்தில் குதிரையைப் பாயச்செய்து கடந்த சிலராலும் எதையும் சாதிக்க இயலவில்லை.

முற்றுகை நீண்டபோது, மதீனாவின் பேரீச்ச விளைச்சலில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்துக் கத்பானியரைத் திருப்பியனுப்பலாமா என நபியவர்கள் எண்ணினார்கள். ஸஃத் பின் முஆத், ஸஃத் பின் உபாதா (ரழி) ஆகிய இரு அன்ஸாரித் தலைவர்களிடமும் வினவினார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா, அன்றி எங்கள்மீது கொண்ட இரக்கத்தால் தாங்கள் எண்ணியதா என்று அவர்கள் கேட்டனர். இரக்கத்தினால்தான் என்றதும், அவ்வாறாயின் தரமாட்டோம் என்று மறுத்தனர். நபியவர்கள் தமது யோசனையைக் கைவிட்டார்கள். எழுதப்பட்டிருந்த உடன்படிக்கையை ஸஃத் பின் முஆத் (ரழி) அவர்கள் தம் கையாலேயே அழித்தார்கள்.

பின்னர் ஓரிரவு வீசிய கடுங்காற்றில் கூடாரங்கள் சரிந்தன, பானைகள் கவிழ்ந்தன. விடிந்தபோது அகழின் மறுபுறத்தில் எவரும் இருக்கவில்லை.