ஒப்பீட்டுச் சட்டவியல்

பல நாடுகளின் சட்டமுறைகளை அருகருகே வைத்து ஆராயும் துறை ஒப்பீட்டுச் சட்டவியல். ஒரே சிக்கலை எந்த நாடு எப்படித் தீர்க்கிறது, யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பவை இதன் கேள்விகள். குற்றவியலுக்கும் ஒப்பந்தத்துக்கும் இருப்பதுபோல இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது.

அயலார் சட்டத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் மிகப் பழையது. அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 ஆட்சியமைப்புகளைத் தொகுத்தார்கள் என்பது மரபுச் செய்தி. அவற்றுள் ஏதென்ஸ் பற்றியது எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருளிலிருந்து 1891இல் அச்சேறியது. ரோமானியர் தம் பன்னிரண்டு பலகைச் சட்டத்தை எழுதுமுன் ஏதென்ஸுக்குத் தூதனுப்பி சோலோனின் சட்டங்களைப் படியெடுத்து வந்ததாகப் பண்டைய ரோமானிய எழுத்தாளர் லிவி எழுதுகிறார். வரலாற்றாசிரியர் பலர் இதை நம்புவதில்லை. 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ சட்டத்தைத் தட்பவெப்பத்தோடும் சமயத்தோடும் வணிகத்தோடும் சேர்த்துப் பார்த்தார். கீழைநாடுகள் பற்றிய பகுதிகளில் பயணிகள் சொன்ன கதைகளை அவர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார்.

காலனி ஆட்சி இந்த ஆய்வை நிர்வாகத் தேவையாக்கியது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, முதலியார்கள் பன்னிருவர் சரிபார்க்க, 1707இல் தேசவழமை எழுத்து வடிவம் பெற்றது. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணை, விரும்பியவர்கள் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வர வழிசெய்தது. இந்திய வைசிராய் அவையில் சட்ட உறுப்பினராக இருந்த ஹென்றி மெய்ன் 1869இல் ஆக்ஸ்போர்டில் வரலாற்று, ஒப்பீட்டுச் சட்டவியல் பேராசிரியரானார். அதே ஆண்டு பாரிஸில் இத்துறைக்கென ஒரு கழகம் தொடங்கியது. அங்கேயே 1900இல், உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த மாநாட்டில், நாகரிக உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் பற்றிப் பிரெஞ்சுச் சட்ட அறிஞர்கள் லம்பேரும் சலேயும் கனவு கண்டார்கள். முதல் உலகப் போர் அந்த நம்பிக்கையைக் கலைத்தது.

போருக்குப் பின் துறையைத் தரைக்குக் கொண்டுவந்தவர் எர்ன்ஸ்ட் ராபெல். 1926இல் பெர்லினில் அவர் தலைமையில் ஓர் ஆய்வு நிறுவனம் அமைந்தது. சட்ட வாசகங்களை மட்டும் ஒப்பிட்டால் போதாது; பழுதான சரக்கு வந்தால் வாங்கியவருக்கு நடைமுறையில் என்ன நிவாரணம் என்று ஒவ்வொரு நாட்டின் தீர்ப்புகளிலும் தேட வேண்டும் என்பது அவர் வழி. யூத வம்சாவளியினர் என்பதால் 1937இல் பதவியிழந்து, பிறகு அமெரிக்கா போனார். பன்னாட்டுச் சரக்கு விற்பனை பற்றிய 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைக்கு அவருடைய ஆய்வே அடித்தளம். இந்தியா அதில் சேரவில்லை.

ரெனே தவீத் 1964இல் உலகச் சட்டங்களைச் சில பெரிய குடும்பங்களாகப் பிரித்தார். பாடநூலுக்கு இது வசதி. ஆனால் ரோமன்-டச்சுச் சட்டம், ஆங்கிலச் சட்டம், தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் எல்லாம் வழங்கும் இலங்கையை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது? சட்டம் ஊர்விட்டு ஊர் போய் வேர்பிடிக்கும் என்றார் ஆலன் வாட்சன் (1974). சொற்கள்தான் போகும், பொருள் போகாது என்றார் பியேர் லெக்ராண்ட். இருவரையும் சோதிக்க, குடும்ப மரங்களைவிட ஒரே ஒரு பிரிவின் பயணம் நல்ல சான்று.

உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் இந்திய அரசமைப்பின் 21ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். 1947 இறுதியில் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரைச் சந்தித்தார். ‘உரிய சட்டமுறை’ என்ற அமெரிக்கத் தொடர், மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டங்களை நீதிபதிகள் ரத்துசெய்ய இடம் கொடுத்துவிடும் என்று பிராங்பர்ட்டர் எச்சரித்தார். வரைவுக் குழு அதை நீக்கி, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற ஜப்பானிய அரசமைப்பின் வாசகத்தை ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஜப்பானிய அரசமைப்பின் வரைவும் அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தரின் அதிகாரிகள் தயாரித்ததுதான். விசாரணையின்றிச் சென்னை மாகாணச் சிறையிலிருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கில் (1950) உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டது: சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும். மேனகா காந்தி வழக்கில் (1978) அதே நீதிமன்றம், நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. விலக்கி வைத்த அமெரிக்கக் கருத்து, ஒரு சொல்கூட மாறாமல், தீர்ப்பின் வழியே வந்து சேர்ந்துவிட்டது. வாட்சனும் லெக்ராண்டும் ஆளுக்குப் பாதி சரி.

21ஆம் பிரிவின் பயணம் அத்தோடு நிற்கவில்லை. மரண தண்டனை செல்லுமா என்று 1995இல் மக்வான்யானே வழக்கில் ஆராய்ந்த தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம், ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டும் அதை அனுமதித்த இந்தியாவின் பச்சன் சிங் தீர்ப்பையும் (1980) எடுத்துப் படித்தது. சட்டப்படி உயிரைப் பறிக்க 21ஆம் பிரிவின் வாசகமே இடம் தருகிறது, தங்கள் அரசமைப்பில் அப்படி எதுவும் இல்லை என்று வேறுபடுத்திக் காட்டி, கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை ஒருமனதாக நீக்கியது. இந்தியச் சட்டத்தில் அத்தண்டனை இன்றும் இருக்கிறது.