பெயர் சிதையாமல் இருக்க: லினக்ஸ் பொதிகளின் வரைகலைத் தெரிவுகள்

மன்னாரில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருக்கும் புகைப்படங்களை ஸ்கேன் செய்து, கீழே பெயரும் ஊரும் பொறித்து அச்சிடும் வேலைக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். எங்களிடம் இருப்பவை பழைய மடிக்கணினிகள். பெரும்பாலானவற்றில் லினக்ஸ்தான் ஓடுகிறது. கணினி வேகமாக ஓடட்டும் என்று, வரைகலை சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தருகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அதனால் நட்டமில்லை. தமிழில் எழுதுபவருக்கு உண்டு.

லினக்ஸில் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டும்போது, எந்த வசதிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்று தெரிவு செய்யலாம். வீட்டுச் சுவரில் உள்ள ஆளிகள் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஆளிகளை வீடு கட்டும்போதே போட வேண்டும். பிறகு மாற்ற விரும்பினால் அந்தப் பொதியைத் திரும்பவும் கட்ட வேண்டும்.

இந்த முறையைப் பயனரின் கையிலேயே முழுமையாகக் கொடுப்பது ஜென்டூ லினக்ஸ். 2002இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. அங்கே இவ்வாளிகளுக்கு 'யூஸ்' கொடிகள் என்று பெயர். எக்ஸ், ஜிடிகே, கியூட்டி, ஜியூஐ ஆகியவை வரைகலைக்கான கொடிகள். பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டால் அந்த வசதி இல்லாமல் பொதி கட்டப்படும். முழுக் கணினிக்கும் ஒரே தீர்மானம் எடுக்கலாம், ஒரு பொதிக்கு மட்டும் விதிவிலக்கும் கொடுக்கலாம். டெபியனிலோ இத்தீர்மானத்தைப் பொதியைப் பராமரிப்பவர்களே எடுத்துவிடுகிறார்கள். விம் என்ற எழுதியை வரைகலையுடன் ஒரு பொதியாகவும், இல்லாமல் இன்னொன்றாகவும் அவர்கள் தருவது அதனால்தான்.

சிக்கல் எங்கே வருகிறது? தமிழ் எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் மட்டும் போதாது. 'பே' என்பதில் இரட்டைக்கொம்பு கணினிக்குள் 'ப'வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தின் வேலை. அதன்மேல் நின்று வரிகளை அமைப்பது பாங்கோ. இவ்விரண்டும் பெரும்பாலும் வரைகலை மென்பொருள்களோடு சேர்ந்தே வருவதால், 'தேவையில்லாத அலங்காரம்' என்ற கணக்கில் இவையும் வெளியே போய்விடுகின்றன.

நாங்கள் பயன்படுத்தும் இமேஜ்மேஜிக்கையே எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே கட்டளையில் பெயர் பொறிக்க இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது. ஜென்டூவில் அதற்கு எக்ஸ் கொடியும் உண்டு, பாங்கோ கொடியும் உண்டு. எக்ஸ் இருந்தால் படத்தைச் சாளரத்தில் திறந்து பார்க்கலாம். அச்சிடும் வேலைக்கு அது அவசியமில்லை, தாராளமாக நிறுத்தலாம். பாங்கோவை நிறுத்தவே கூடாது. இரண்டும் வரைகலை போலத் தோன்றினாலும் ஒன்று சன்னல், மற்றது எழுத்து. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பாங்கோவைச் சேர்த்துக் கட்டியிருந்தாலும், கட்டளையில் 'லேபிள்' என்று கொடுத்தால் அது பாங்கோவைத் தேடிப் போகாது. 'பாங்கோ' என்றே கொடுக்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு நம் ஊர்ப் பெயர்களே போதும். பேசாலை, முருங்கன், கொண்டச்சி என மூன்றையும் ஒரு வெற்றுப் படத்தில் பொறித்துப் பாருங்கள். பேசாலையில் கொம்புகள் பின்னால் போயிருந்தால், முருங்கனில் உகரக் குறி தனியாகக் கழன்று நின்றால், கொண்டச்சியில் 'கொ' குலைந்திருந்தால், எழுத்தமைப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். 'மன்னார்' என்று மட்டும் எழுதிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கொம்பு இல்லாத சொல் என்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

சாளரமே இல்லாத கறுப்புத் திரையில் தமிழை எதிர்பார்க்கவும் வேண்டாம். லினக்ஸின் அடிப்படை முனையம் ஒரே நேரத்தில் 512 எழுத்துருவங்களுக்கு மேல் தாங்காது, எழுத்துகளை இணைக்கவும் அதற்குத் தெரியாது. ஆகவே தமிழ்ப் பட்டியல்களைத் தட்டச்சுச் செய்யும் கணினியில் எளிய சாளரச் சூழல் ஒன்றாவது இருக்கட்டும்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஜென்டூவை நான் சிபாரிசு செய்வதில்லை. பழைய கணினியில் பெரிய பொதி ஒன்றைக் கட்ட மணிக்கணக்காகும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமலிருந்த நாட்டில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவும் ஆயத்தப் பொதிகளைப் பரவலாகத் தருகிறது. ஆனால் நமது கொடிகள் அவற்றோடு பொருந்தாவிட்டால் நம் கணினிதான் மீண்டும் கட்ட வேண்டும். டெபியனின் இமேஜ்மேஜிக் பாங்கோவுடனேயே வருகிறது, அது போதும்.

திரையில் எழுத்து குலைந்திருப்பதைக் கண்டால் பலர் செய்வது, கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுவது. அந்தக் கணினியில் பார்வைக்குச் சரியாகிவிடும். உள்ளே பெயர் பிழையாகச் சேமிக்கப்படும். அதே பட்டியலைக் கைப்பேசியில் திறந்தால் கொம்பு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். தாயொருவர் வந்து மகனின் பெயரைத் தேடச் சொன்னால், பெயர் பட்டியலில் இருந்தும் தேடலில் அகப்படாது. குலைந்து தெரிந்தாலும் பெயரை முறைப்படியே தட்டச்சுச் செய்து, படங்களிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வையுங்கள். பொதியைச் சரியாக்கிய பின் படங்களை எத்தனை தடவையும் மீண்டும் பொறிக்கலாம்.