சர்க்கரையும் செவிப்பாதையும்

காதுக்குள் இருக்கும் மூன்று சிற்றெலும்புகளில் மிகச் சிறியது அங்கவடி எலும்பு. அதை 1546-இல் கண்டு சொன்னவராகக் குறிப்பிடப்படுபவர் ஜொவான்னி ஃபிலிப்போ இன்கிராசியா என்ற சிசிலி மருத்துவர். 1580-இல் பலெர்மோவில் காலமானார். (முதலில் கண்டது யார் என்று அப்போதே சண்டை நடந்தது. அது வேறு கதை.)

நீரிழிவு முக்கியமாகத் தாக்குவது இந்த எலும்பை அல்ல, அதற்கு அப்பால் இருப்பவற்றை. உள்காதில் நத்தைச்சுருள், அங்கிருந்து கிளம்பும் செவி நரம்பு, பிறகு மூளைத்தண்டில் ஒலிச்செய்தி படிப்படியாக ஏறிப்போகும் நரம்பு மையங்கள். கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது, நரம்பின் மேலுறை நலிகிறது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தாழ்ந்த, நடுத்தர சுருதிகளில் கேள்விக்குறைவு நீரிழிவு உள்ளவர்களில் சுமார் 21 சதவீதம், இல்லாதவர்களில் 9 சதவீதம்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது இந்தக் கணக்கு அல்ல. மேலுறை நலிந்த நரம்பில் செய்தி தொலைவதற்கு முன்பே தாமதமாகிறது. மென்பொருள்காரர்கள் சர்வருக்கு ‘பிங்’ அனுப்பிப் பதில் வரும் நேரத்தைப் பார்ப்போமே, ஏறக்குறைய அதேபோல ஒரு சோதனை உண்டு. காதில் ‘க்ளிக்’ ஒலியை ஆயிரக்கணக்கான முறை கொடுத்து, தலையில் ஒட்டிய மின்வாய்கள் வழியாக மூளைத்தண்டின் பதிலைப் பதிகிறார்கள். முதல் அலை செவி நரம்பிலிருந்து வருவது. ஐந்தாவது அலை நடுமூளையை ஒட்டி எழுவது. இரண்டுக்கும் இடைவெளி சாதாரணமாக 4 மில்லிநொடி அளவு. நீரிழிவாளர் பலரிடம் இந்த இடைவெளி சற்றே நீள்வதை 1980-களிலிருந்து பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோரிடமும் அல்ல.

ஒரு மில்லிநொடிகூட இல்லாத தாமதம் என்ன செய்துவிடும்? அமைதியான அறையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்க மூளை நம்பியிருப்பது இந்த நுண்ணிய நேரக் கணக்கைத்தான். பலெர்மோவில் குடியேறிய நம் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பல்லாரோ சந்தையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சியாகுல்லித் தோட்டத்து மாந்தரின் பழத்தின் விலையைக் கடைக்காரர் ராகம் போட்டுக் கூவுகிறார். குரல் நன்றாகவே கேட்கிறது. எத்தனை யூரோ என்பது மட்டும் பிடிபடவில்லை. ‘இத்தனை வருஷமாகியும் இத்தாலிய மொழி வரவில்லை’ என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். வீட்டில் தமிழிலேயே இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அவர் விழிப்பதை யாரும் கவனிப்பதில்லை.

நீரிழிவுக்காரருக்குக் கண்ணும் காலும் சிறுநீரகமும் ஆண்டுதோறும் பார்க்கப்படுகின்றன. காது பெரும்பாலும் விட்டுப்போகிறது. பார்த்தாலும் சத்தமில்லாத அறையில் ‘பீப்’ ஒலி கேட்கிறதா என்ற சோதனையோடு முடிந்துவிடுகிறது. அதில் தேறிவிட்டாலும், இரைச்சலில் பேச்சு புரிகிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். செவிக்கருவி ஒலியைப் பெருக்கும். நரம்பின் தாமதத்தைச் சரிசெய்யாது. அவரிடம் உரக்கக் கத்துவதைவிட, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்துக் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் அதிகம் புரியும்.